பெயரிடும் உரிமை: மிஷேல் அதான்சோனின் தாவர வகைப்பாட்டை முன்வைத்து

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்தை அடுத்து அமைந்துள்ளது ராமகுப்பம் மண்டலம். தமிழக எல்லையும் கர்நாடக எல்லையும் அணுகி நிற்கும் இப்பகுதியில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து வழங்குகின்றன. அங்கு வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரே மரத்தைத் தமிழர் முருங்கை என்பர். தெலுங்கர் முனக என்பர். கன்னடர் நுக்கெ என்பர். வேலியோரத்துப் புங்கமரமும் அவ்வாறே கானுக எனவும் ஹொங்கெ எனவும் பெயர் மாறி நிற்கும். சந்தையில் இதனால் எவர்க்கும் இடர்ப்பாடு நேர்வதில்லை. காயைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டால் பெயர் தானே விளங்கிவிடுகிறது. ஆனால், காணாத மரத்தைப் பற்றிக் காணாத மனிதரோடு உரையாட வேண்டிய அறிவுலகத்திற்கு அவ்வசதி இல்லை. ஒரு மரத்திற்கு ஒரு பெயர் அதற்குத் தேவைப்படுகிறது. அந்த ஒரு பெயர் எவருடைய பெயராக இருத்தல் வேண்டும் என்பது தாவரவியல் வினாவாகத் தோன்றினும் உண்மையில் அறவியல் வினாவே ஆகும்.

முருங்கைக்கு உலகத் தாவரவியல் ஏற்றுள்ள பெயர் மோரிங்கா ஒலைஃபெரா என்பதாகும். இதன் முற்பகுதியாகிய பேரினப்பெயர் தென்னிந்தியச் சொல்லே என்பதைத் தமிழறிந்தார் உடனே உணர்வர். கிரேக்கமும் இலத்தீனும் கோலோச்சிய ஒரு துறையில் இச்சொல் இடம்பெற்றமை தற்செயலானதன்று. பிரெஞ்சுத் தாவரவியலார் ஒருவர் தம் காலத்துப் பேரறிஞர் வகுத்த விதிக்கு உடன்பட மறுத்ததன் விளைவு அது. மிஷேல் அதான்சோன் என்னும் அவ்வறிஞரின் மறுப்பில் அடங்கியுள்ள அறக்கருத்தையும் அதன் எல்லையையும், தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதான்சோனின் வாழ்வு

அதான்சோன் 1727 ஏப்ரல் 7இல் தென்பிரான்சிலுள்ள ஏக்ஸ் நகரில் பிறந்தார். பாரிசில் அரசத் தோட்டத்தின் பெர்னார் தெ ஜூசியூ, இயற்கையியல் அறிஞர் ரெயோமூர் ஆகியோரிடம் பயிற்சி பெற்றார். 1749இல், இருபத்திரண்டு வயதில், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியாளராக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குச் சென்றார். அதே கம்பெனிதான் அவ்வாண்டுகளில் துய்ப்ளேயின் தலைமையில் புதுச்சேரியை ஆண்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்ததும் அதன் நிழலில்தான். செனகலில் அக்கம்பெனி மரப்பிசினோடு மனிதரையும் விலைபேசி விற்றது. தாவரங்களின் நாட்டுப்பெயர்களை மதித்த ஓர் அறிஞரின் ஊதியம் அவ்வாணிகத்தின் கணக்கிலிருந்து வந்தது என்பதை அவரைப் பாராட்டுவோர் மறத்தல் தகாது.

நான்கு ஆண்டுகளுக்கு மேல் அங்குத் தங்கிய அதான்சோன் ஊலோஃப் மொழியைக் கற்றார்; செனகல் ஆற்றங்கரை மொழிகளுக்குச் சொற்றொகுதிகளைத் தொகுத்தார்; தாவரம், விலங்கு, சிப்பி, வானிலை என அனைத்தையும் குறித்துவைத்தார். நாடு திரும்பிய பின் 1757இல் செனகலின் இயற்கை வரலாற்றை வெளியிட்டார். 1759இல் அறிவியல் கழகத்தில் இடம்பெற்றார். 1763இல் அவருடைய முதன்மை நூலாகிய 'தாவரக் குடும்பங்கள்' இரு தொகுதிகளாக வெளிவந்தது.

பிற்கால வாழ்வு துயரமானது. உலகப் பொருள்கள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தும் 27 தொகுதிக் கலைக்களஞ்சியம் ஒன்றிற்குத் திட்டமிட்டுக் கழகத்தின்முன் வைத்தார். கழகம் அதனை ஏற்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது வருவாயை இழந்தார். புதிதாக நிறுவப்பட்ட தேசிய அறிவுக்கழகம் அழைத்தபோது, அணிந்து செல்லக் காலணி இல்லையென விடையெழுதினார் என்பர். 1806 ஆகஸ்டு 3இல் மறைந்தார். தம் சவப்பேழையின்மீது வேறு அணி எதுவும் வேண்டா, தாம் வகுத்த 58 குடும்பங்களிலிருந்தும் ஒவ்வொரு மலர் எடுத்துக் கட்டிய மாலை ஒன்று போதும் என்பது அவர் விருப்பம்.

ஒற்றைப் பண்பும் முழுமையும்

அதான்சோனுக்கு முன் பிரான்சில் தூர்னஃபோர் 1694இல் பூவிதழின் அமைப்பைக் கொண்டு தாவரங்களை வகுத்தார். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735 முதல் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை முதலிய இயல்புகளைக் கொண்டு 24 வகுப்புகளை அமைத்தார். லின்னேயஸின் முறை கற்பதற்கு எளிது. எண்ணத் தெரிந்த எவரும் பூவைப் பிரித்து அதன் வகுப்பைச் சொல்லிவிடலாம். ஆனால் அதன் விளைவுகளுள் ஒன்றைத் தமிழ் உழவர் எவரும் ஏற்கமாட்டார். நெற்பூவில் ஆறு மகரந்தத்தாள்கள் உள்ளன. கோதுமையில் மூன்றே உள்ளன. ஆகவே நெல்லும் கோதுமையும் வெவ்வேறு வகுப்புகளில் பிரிக்கப்பட்டன. நெல்லும் வெங்காயமும் ஒரே வகுப்பில் அமர்ந்தன.

அதான்சோன் இத்தகைய முறைகளின் குறையை ஒரு விரிவான ஆய்வால் வெளிப்படுத்தினார். இலை, தண்டு, பூ, கனி, விதை என ஒவ்வொரு பண்பாக எடுத்துக்கொண்டு 65 வகைப்பாடுகளைத் தனித்தனியே அமைத்துக் காட்டினார். எந்த ஒரு பண்பை அடிப்படையாகக் கொண்டாலும் எங்கேனும் ஓரிடத்தில் உறவுடையன பிரிந்தன, உறவில்லாதன சேர்ந்தன. தாவரத்தின் அனைத்து உறுப்புகளையும் ஒருங்கே நோக்கினால் மட்டுமே இயற்கையான குடும்பம் புலப்படும் என்பது அவர் கண்ட முடிபு. 'குடும்பம்' என்னும் சொல்லை இப்பொருளில் மான்பெலியே நகரத்து மாஞோல் 1689லேயே ஆண்டிருந்தார். அதனை ஒரு முழுமையான முறையாக வளர்த்தெடுத்த பெருமை அதான்சோனுக்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் இடையில் எண்ணியல் வகைப்பாட்டை உருவாக்கியோர் அவரையே தம் முன்னோடியாகக் கொண்டனர். அவர் எல்லாப் பண்புகளையும் சமமாக எடையிட்டார் என்று அவர்கள் கொண்டது சற்று மிகை என்றே தோன்றுகிறது. 65 வகைப்பாடுகளும் ஒற்றைப் பண்பின் போதாமையைக் காட்டவே பயன்பட்டன. குடும்பங்களை அவர் கண்டது நெடுநாள் கூர்ந்து நோக்கிய பழக்கத்தால்.

எவ்வாறாயினும், ஓர் உயிரின் இடத்தை ஒற்றைப் பண்பு கொண்டு முடிவு செய்தல் பிழை என்பதே அவர் நூலின் அடிக்கருத்து. பிறப்பு என்னும் ஒற்றைப் பண்பால் மனிதரை வகுத்துப் பழகிய நாட்டில் இக்கருத்து தாவரவியலோடு நின்றுவிடுவதன்று.

பொருளற்ற பெயரின் நேர்மை

பெயரிடுதலில் லின்னேயஸின் விதி கடுமையானது. கிரேக்க, இலத்தீன வேர் இல்லாத பேரினப்பெயர்கள் காட்டுமிராண்டிப் பெயர்கள். அவை விலக்கத்தக்கவை என்றார். நல்ல பெயர் தாவரத்தின் இயல்பை உணர்த்த வேண்டும், அல்லது தாவரவியலுக்கு உழைத்த அறிஞரின் நினைவைப் போற்ற வேண்டும் என்பது அவர் கருத்து. நடைமுறையில் அவரும் சில நாட்டுச் சொற்களை விட்டுவைத்தார். ஆயினும் விதி விதியாகவே நின்றது.

இவ்விதியின்படி முருங்கைக்கு நேர்ந்தது நோக்கத்தக்கது. 1753இல் லின்னேயஸ் அதற்குக் குய்லாண்டினா மோரிங்கா எனப் பெயரிட்டார். முன்சொல் ஐரோப்பியத் தாவர அறிஞர் ஒருவரின் பெயரிலிருந்து அமைந்தது. முருங்கை பின்சொல்லாகப் பின்தள்ளப்பட்டது. புங்கமரத்தைச் சைட்டிசஸ் பின்னேட்டஸ் என்றார். சைட்டிசஸ் என்பது மத்தியதரைக் கடல்நாட்டுப் புதர்களைக் குறித்த கிரேக்கச் சொல். அதான்சோன் 1763இல் இவ்விரண்டையும் மாற்றினார். மோரிங்கா தனிப்பேரினமாயிற்று. மலையாளக் கரையில் பதிவான பொங்கம் என்னும் சொல் மற்றொரு பேரினத்தின் பெயராயிற்று; அதுவே பின்னர்ப் பொங்கேமியா என்னும் வடிவம் பெற்றது. 1785இல் மற்றொரு பிரெஞ்சு அறிஞர் லமார்க் 'எண்ணெய் தருவது' என்னும் பொருளில் ஒலைஃபெரா என்பதைச் சேர்க்க, முருங்கையின் இன்றைய பெயர் நிறைவுற்றது. சங்க இலக்கியத்தில் புன்கு எனப் பயின்ற மரம் இன்று உலக நூல்களில் தன் பழம்பெயரின் ஒலியோடு நிற்பதற்கும் இவ்வரலாறே காரணம்.

அதான்சோன் நாட்டுப்பெயர்களை விரும்பியது அயல்நாட்டார்மீது கொண்ட பரிவால் மட்டுமன்று. பெயர் என்பது சுட்டுவதற்கே உரியது, விளக்குவதற்கு உரியதன்று என்பது அவர் கொள்கை. விளக்கும் பெயர் பெயரிட்டவரின் கருத்தைத் தாவரத்தின்மீது ஏற்றிவிடுகிறது. கருத்து தவறினால் பெயர் பொய்யாகிவிடும். சைட்டிசஸ் என்றழைத்தமையால் புன்கு மத்தியதரைக் கடற்புதர்களின் உறவாகிவிடவில்லை. பொருள் தெரியாத நாட்டுப்பெயரோ எதனையும் வற்புறுத்துவதில்லை; ஆகவே அது பொய்யுரைக்க இயலாது. இன்றைய உலகத் தாவரப் பெயரிடு நெறியின் முன்னுரை, பெயரிடுவதன் நோக்கம் தாவரத்தின் பண்பையோ வரலாற்றையோ காட்டுவதன்று, அதனைக் குறிப்பிட ஒரு வழி தருவதே என்று கூறுகிறது. தம் வாழ்நாளில் தோற்ற அதான்சோன் இவ்வொரு கருத்தில் வென்றார் எனலாம்.

அவர் நூல் அக்காலத்தில் பரவாமைக்குப் பெயர்க்கொள்கை ஒன்றே காரணமன்று. ஒலிப்பிற்கேற்ப எழுத்துகளை மாற்றித் தாமே ஓர் எழுத்துமுறை வகுத்து அதில் நூலை அச்சிட்டார். பிரெஞ்சு அறிந்தவர்க்கும் அது இடராயிற்று. பிறர் பெயர்மரபை மதித்தவர் தம் மொழியின் எழுத்துமரபை மதியாதது வியப்பே.

எனப்படும் என்னும் வினை

தொல்காப்பிய மரபியலில் உள்ள தாவரப் பகுப்பைத் தமிழறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என்னும் அப்பகுப்பு, ஒருவித்திலை இருவித்திலைத் தாவரப் பகுப்பின் முன்னோடி என்று கூறப்படுவதுண்டு. பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தில் அடங்குவதைக் காணும்போது அக்கூற்று கவர்ச்சியுடையதே. ஆயினும் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அதான்சோனின் அளவுகோலால் நோக்கினால் இதுவும் ஒற்றைப் பண்புப் பகுப்பேயாகும். முருங்கையே அதற்குத் தடையாக நிற்கிறது. அதற்கு அகத்தும் வயிரமில்லை, புறத்தும் இல்லை. பருத்த முருங்கையும் தூணாகாது என்பது பழமொழி. ஆனால் அதனை மரமன்று என்பார் எவருமிலர்.

தொல்காப்பியரின் நோக்கம் வேறு. அவர் பகுப்பு இடம்பெறுவது மரபியலில். புல்லின் உறுப்பை ஓலை, மடல், பாளை என்றும், மரத்தின் உறுப்பை இலை, தளிர், முறி என்றும் வழங்க வேண்டும் என்பதை உரைக்கவே பகுப்பு வருகிறது. தாவரத்தை வகுப்பதைவிடத் தாவரத்தைப் பற்றிய பேச்சை வகுப்பதே அங்குக் கருதப்பட்டது. தென்னையின் ஓலையை இலை என்பவன் தாவரவியலில் தவறவில்லை, மரபில் தவறுகிறான்.

இவ்விடத்தில் மரபியலின் சொல்லாட்சி ஒன்று சிந்திக்கத்தக்கது. புல் எனப்படும், மரம் எனப்படும் என்றே தொல்காப்பியர் கூறுகிறார். பெயரிட்டவர் எவர் என்பது அங்கில்லை. செயப்பாட்டு வினையின் பின்னே வழங்குவோர் அனைவரும் நிற்கின்றனர். தாவரவியலிலோ ஒவ்வொரு பெயரின் பின்னும் ஓர் ஆசிரியர் குறுக்கம் நிற்கும். லின்னேயஸுக்கு ஓரெழுத்தே போதும். மோரிங்காவின் பின்னே அதான்சோனின் பெயர். மோரிங்கா ஒலைஃபெராவின் பின்னே லமார்க்கின் பெயர். முருங்கை என்னும் சொல்லை ஆக்கியவர் இருவரும் அல்லர். எத்தனையோ தலைமுறை நாவில் பழகிய சொல்லுக்கு 1763இல் ஒருவர் ஆசிரியராகிறார்.

இதனை வெறும் அபகரிப்பு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஆசிரியர் குறுக்கம் உரிமையை மட்டும் குறிப்பதன்று, பொறுப்பையும் குறிக்கிறது. பெயர் தவறெனின் விடையிறுக்க வேண்டியவர் இன்னார் என்பதை அது காட்டுகிறது. எந்த மாதிரியை வைத்து அப்பெயர் இடப்பட்டது என்று தேடிச் செல்லவும் வழி செய்கிறது. எனப்படும் என்னும் வினையில் விடையிறுப்பார் எவருமிலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கினார். பி.எல். சாமியும் கு. சீநிவாசனும் சங்கத் தாவரங்களை இனங்காண அரிதின் முயன்றனர். எனினும் அப்பட்டியலில் சில பெயர்களுக்குரிய மலர் எது என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. வழங்குவோர் மறைந்தபின் பெயர் நிற்கிறது. மலர் எது என்று கேட்பதற்கு ஆளில்லை. தமிழ் மரபுக்குப் பெருமை சேர்க்கும் ஆர்வத்தில் இவ்விழப்பைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது.

முன்னுரிமையின் தொடக்க நாள்

எனினும் பொறுப்பை முன்வைக்கும் அந்நெறி, எவரிடம் கடன்பட்டது என்பதைச் சொல்வதில்லை. ஒரு தாவரத்திற்கு முதலில் இட்ட பெயரே செல்லும் என்பது தாவரவியலின் முன்னுரிமை விதி. அவ்விதியின் கணக்கு பொதுவாக 1753 மே முதல் நாளில், லின்னேயஸின் நூலிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முற்பட்ட பெயர்கள் பழமையானவையாயினும் முன்னுரிமை கோர இயலா.

அவ்வாறு எல்லைக்கு வெளியே நிற்பவற்றுள் 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' ஒன்று. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூலின் பெரும்பகுதி அறிவு, ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் தம் குடும்பச் சுவடிகளிலிருந்து சொன்னது. அவருடைய சான்றுரை 1675ஆம் ஆண்டு நாளிட்டு, கோலெழுத்தில் அந்நூலின் முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளது. லின்னேயஸும் அதான்சோனும் அந்நூலைப் பயன்படுத்தினர். அதான்சோன் அதன் சொற்களை மதித்து எடுத்துக்கொண்டார். ஆனால் சொல்லை எடுப்பது வேறு, சொல்லியவரைக் குறிப்பது வேறு. முருங்கையின் பெயர் ஏறியது. முருங்கைக்கீரையின் குணத்தை அறிந்தவரின் பெயர் ஏறவில்லை.

சித்தூர், திருப்பதிப் பகுதியின் சேஷாசல மலைத்தொடர் இவ்வரலாற்றை இன்னும் தெளிவாகக் காட்டும். திருமலைக் குன்றுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் ஈந்துபோன்ற பழந்தாவரம் ஒன்று சைகஸ் பெட்டோமி எனப் பெயர்பெற்றுள்ளது. ஆங்கிலப் படை அலுவலராயிருந்து காட்டுத்துறைக்கு வந்த பெட்டோமின் நினைவு அது. அம்மலைகளுக்கே சிறப்பாக உரிய மற்றொரு மரம் ஷோரியா தும்புகையா. அதன் முன்சொல் 1793 முதல் 1798 வரை தலைமை ஆளுநராயிருந்த ஜான் ஷோரின் பெயர். பின்சொல்லோ ரோக்ஸ்பர்க் கேட்டறிந்த தெலுங்கு வழக்கு. ஆண்டவனும் ஆளப்பட்டவனும் ஒரே பெயரில், ஒருவர் பெரிய எழுத்திலும் மற்றவர் சிறிய எழுத்திலும் நிற்கின்றனர்.

இந்நிலை மாற்றத்தக்கதா என்னும் வினா அண்மையில் பெயரிடு நெறியின் அவையிலேயே எழுந்தது. 2024இல் மாத்ரிதில் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டில், ஆப்பிரிக்கரை இழிவுபடுத்தும் சொல்லடி ஒன்றைக் கொண்ட சிற்றினப் பெயர்களைத் திருத்துவதென வாக்களித்து முடிவு செய்தனர். இழிசொல்லை நீக்குவதில் ஐயமில்லை. ஆயின் பழம்பெயர்கள் அனைத்தையும் நாட்டுப்பெயர்களாக மாற்ற வேண்டும் என்பார்க்கு ராமகுப்பம் ஒரு தடையை எழுப்புகிறது. முருங்கையா, முனகவா, நுக்கெயா? கன்னடத்தில் பகரம் ஹகரமாகும் விதியறிந்தார்க்கு ஹொங்கெயும் புன்கும் ஒரு குடும்பச் சொற்களே என்பது தெளிவு; கானுக அக்குடும்பத்தில் அடங்காது. பொங்கேமியா என்பதை நாட்டுப்பெயரின் வெற்றியாகத் தமிழர் கொண்டாடும்போது, அதே மரத்தடியில் நிற்கும் தெலுங்கருக்கு அதுவும் அயற்பெயரே. ஒரு பெயர் உலகப்பெயராகும் கணத்தில், அது எவ்வளவு எளிய மக்களின் சொல்லாயினும், அயலிலுள்ள மற்றோர் எளிய சொல்லை மறைத்துவிடுகிறது. கொச்சியில் டச்சுக்காரர் இருந்தமையால் மலையாளக் கரையின் ஒலி ஏறியது. அவர்கள் வேறு துறைமுகத்தில் தங்கி இப்பணியைச் செய்திருந்தால் வேறொரு சொல் ஏறியிருக்கக்கூடும்.

அதான்சோனும் இச்சிக்கலுக்கு விலக்கானவர் அல்லர். செனகலில் அவர் வியந்து அளந்த பெருமரத்தை ஊலோஃப் மக்கள் கூய் என்று வழங்கினர். அதனை அவரே பதிவு செய்துள்ளார். ஆயினும் தம் நூலில் அவர் தேர்ந்தது, 16ஆம் நூற்றாண்டில் எகிப்து சென்ற இத்தாலிய மருத்துவர் அல்பினோ எழுதிவைத்திருந்த பாவோபாப் என்னும் பெயரை. நாட்டுப்பெயரின் காவலர், தாம் நின்ற மண்ணின் பெயரைக் கடந்து, மற்றொரு மண்ணில் முன்னரே அச்சேறிய பெயரை ஏற்றார். அச்சில் முந்தியதே செல்லும் என்னும் எண்ணம் அவரிடமும் இருந்தது போலும்.

லின்னேயஸ் அம்மரத்திற்கு அடன்சோனியா எனப் பெயர் சூட்டி அதான்சோனைப் போற்றினார். அதான்சோன் அதனை ஏற்கவில்லை. 1763ஆம் ஆண்டு நூலில் தம் பெயரை விலக்கிப் பாவோபாப் என்றே எழுதினார். உலகம் லின்னேயஸைப் பின்பற்றியது. அம்மரம் நெடுங்காலத்துக்கு முன்னரே கடல்கடந்து தமிழ் நிலத்துக்கும் வந்திருந்தது. மன்னாரிலும் நெடுந்தீவிலும் இன்றும் முதிர்ந்த மரங்கள் நிற்கின்றன. அரபு வணிகர் கொணர்ந்தனர் என்பது பொதுவான நம்பிக்கை. அதன் ஆப்பிரிக்கப் பெயரை அங்குள்ளோர் எவரிடமும் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை. அடிபெருத்து நிற்கும் அதனைப் பெருக்கமரம் என்றனர். தமிழகத்தில் அது பொந்தன்புளி, ஆனைப்புளி எனப்படுகிறது.